மிச்சம் வராத டார்ட்

நாத்தனாரைப் புகழ்கிற அண்ணியைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரின் தங்கை ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினாறு வருடமாகச் சமைக்கிறாள். நான் அங்கேயே தட்டு கழுவுகிறேன். அவளுக்கு வாய் நீளம்தான். ஆனால் அவள் கைப்பக்குவம் யாருக்கும் வராது.

ஆபரேஷன் வார்டுத் தட்டுகள் வைத்தது வைத்தபடி திரும்பி வரும். புண் ஆறப் புரதம் வேண்டும். நோயாளிகளோ முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்து மனசு நொந்துதான் காளான் சீஸ் டார்ட் செய்கிற யோசனையைப் பிடித்தாள். வெண்ணெய் சேர்த்த மாவைத் தட்டில் பரப்பி, மேலே முட்டையும் பாலும் ஊற்றிச் சுடுகிற டார்ட் ஐரோப்பாக்காரர்களின் பழைய பண்டம்.

உணவு அதிகாரி லேசில் மசிகிற அம்மா இல்லை. "காளான்ல புரதம் கொட்டிக் கிடக்குன்னு சொல்லுவீங்களே?"

"இல்ல மேடம். காளான் பத்துல ஒம்பது பங்கு தண்ணி. பி வைட்டமின் இருக்கு, ருசி இருக்கு. புரதமும் கால்சியமும் சீஸ், முட்டை, பால்லதான். கொழுப்பும் ஜாஸ்தி. அதான் ஆளுக்கு ஒரு துண்டு."

வந்த வாய்ப்பை இப்படியா கெடுத்துக்கொள்வாள்!

"ரெண்டு நாள் குடுங்க. ரெண்டாவது நாள் ஒரு தட்டுல மிச்சம் வந்தாலும் வார்டுச் சாப்பாட்டுப் பட்டியல்ல சேர்க்க மாட்டேன்" என்றார் அதிகாரி.

முதல் நாள் அடிமாவு சொதசொதவென்று ஊறி, இருபது தட்டில் பதினொன்றில் மிச்சம்.

"காளானைப் பச்சையாப் போட்டுட்டேன் அண்ணி. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"பத்துல ஒம்பது பங்கு தண்ணின்னு பாடம் நடத்துனது நீதானேடி?"

மறுநாள் காளானைத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கிப் போட்டாள். தட்டு வண்டியை நான் தள்ளி வந்தேன். அதிகாரி மூடிகளைத் திறந்தார். காலி, காலி, எல்லாம் காலி. இருபதாவது தட்டில் பாதி டார்ட். என் நாத்தனாருக்கு முகம் செத்துப்போயிற்று.

அதன் கீழே நோயாளி எழுதி வைத்த ஒரு சீட்டு. "எடுக்காதீங்க. சாயங்காலம் என் சம்சாரம் வருவா. அவளுக்கு வச்சிருக்கேன்." பாவி நான்தான் அவசரத்தில் பார்க்காமல் அள்ளி வந்திருக்கிறேன்!

அதிகாரி இரண்டு தரம் படித்தார். "இதை மிச்சம்னு எப்படி எழுதறது?" என்று பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

அதைப் பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை. எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டையும் அந்தத் தட்டில் வைத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

"வழி விடுங்க அண்ணி. அவர் பங்கை அவரே சாப்பிடட்டும். அந்தம்மாவுக்கு இது."