நூல் தொட்ட இடம்

என் மேசை இழுப்பறையில் கை நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல் கிடக்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து மில்லிலிருந்து அக்காவின் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு எரியோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த நூல். அதைப் பார்த்தால் மில் பஸ் கிளப்பிவிட்டுப் போகும் செம்புழுதியும், அதற்குள்ளிருந்து பஞ்சு படிந்த புருவத்தோடு அவள் நடந்து வருவதும் கனவில் வருவதுபோல வந்துவிடும்.

எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவள் அக்கா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். திண்டுக்கல்லில் நான் கணிதம் படித்த வருஷம், அவள் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத விண்ணப்பித்தாள். தேறினால், நூலின் தரம் பார்க்கும் அறைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இயந்திர இரைச்சலிலிருந்து வெளியே வர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் வந்ததும் வராததுமாகப் புத்தகத்தை விரித்துக் கண் சொருகும்வரை படிப்பாள். மறுநாள் கேட்டால் பாதிகூட நினைவிருக்காது. ஒருநாள், "ஏலே, அம்புட்டுக் கணக்குப் படிக்கிறியே, எனக்கு ஒரு கணக்குப் போட மாட்டியா?" என்றாள். கேலி மாதிரிதான் இருந்தது. குரல் அப்படி இல்லை.

அப்போது எங்களுக்கு வகுப்பில் விகிதத்தின் உச்சத்தைக் காண்பது நடந்துகொண்டிருந்தது. விகிதத்தில் மேலே இருக்கும் சார்பு போகப்போக மெதுவாக ஏறும். கீழே இருப்பது போகப்போக வேகம் பிடிக்கும். குழிவு, குவிவு என்று பெயர். அக்காவின் படிப்பும் களைப்பும் அதே மாதிரிதான் ஏறின. வீட்டை ஒட்டிய கொட்டகைச் சுவரில் கரியால் இரண்டு கோடு போட்டேன். படுக்கை வாட்டில் களைப்பு. அதற்கு அவளே மார்க் போட்டாள். நெட்டு வாட்டில், மறுநாளும் மனதில் நின்ற பாடம். நாளுக்கு ஒரு புள்ளி வைத்தோம். மில் கொடுத்த களைப்போடுதானே அவள் உட்காருகிறாள்? அதனால் வளைவு மூலையில் தொடங்காமல் தள்ளித் தொடங்கியது. சில வாரங்களில் அது குன்றின் முதுகுபோல உருவானது.

அவள் துப்பட்டாவிலிருந்து இந்த நூலை எடுத்து, மூலையில் அழுத்திப் பிடித்து, செங்குத்தாக இழுத்து மெல்லச் சாய்த்தேன். அது முதலில் தொட்ட இடம் வளைவின் உச்சியில் இல்லை. வெகு முன்னாலேயே தொட்டது; அவ்வளவு களைப்பு சேர்வது, அம்மா ராத்திரிச் சோற்றுக்கு வெஞ்சனம் தாளிக்கும் நேரத்துக்குச் சற்றுப் பின்.

"இம்புட்டுத்தானா? இதோட எந்திரிச்சா ஏமாத்துற மாதிரில்ல இருக்கு."

பட்ட பாட்டுக்கு நிறையக் கிடைப்பது அங்கேதான் என்றேன். ஆனால் அந்த அளவில் படித்தால் தேர்வுக்குள் எல்லாப் பாடமும் முடியாது என்பதும் தெரிந்தது. அதற்கு என்னிடம் கணக்கில்லை. அக்கா நூலைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரே தடவையில எழுதணும்னு யாருடா சொன்னா?" என்றாள்.

பாடங்களைப் பிரித்து இரண்டு தடவையில் எழுதித் தேறினாள். இப்போது அந்த அமைதியான அறையில் இருக்கிறாள்.

நான் ஆராய்ச்சிக் கட்டுரையோடு மல்லுக்கட்டுகிறேன். நேற்றுச் சாயங்காலம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது, மில் பஸ்ஸிலிருந்து அவள் போன் செய்தாள். என் சோர்ந்த குரலைக் கேட்டதும், சொல்ல வந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நூல் தொட்டுருச்சா?"

"தொட்டு ரொம்ப நேரமாச்சுக்கா."

"அப்ப எந்திரி."

இழுப்பறையை மூடிவிட்டு எழுந்தேன்.