மரச்சீனி விளையில் ஒரு பட்டணம்

போன வாரம் என் மகன் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, மனை பிரித்து விற்கப்போவதாக மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தான். நான் போட்ட சத்தத்தில் மறுநாள் கிளம்பிப் போனவன் இன்னும் வரவில்லை. இந்தக் கிறுக்கு எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல; அதைத் தொடங்கிவைத்தவளே நான்தான்.

எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். நான் மிஷன் பள்ளியில் இரண்டாம் ஃபாரம், இப்போதைய ஏழாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தில் ஓர் அமெரிக்கர் வந்தார். காட்டுக்குள் போய் ஒரு பட்டணத்தை ‘ஃபவுண்டட்’, பிறகு அதற்கே மேயர். ‘ஃபவுண்ட்’ என்றால் கண்டெடுத்தார் என்று எனக்குத் தெரியும். எங்களோடு இருந்த சித்தப்பாவிடம் அப்படியே சொன்னேன். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வழி தேடிக்கொண்டிருந்தார் அவர்.

“கண்டெடுத்தப்போ அங்க என்ன இருந்துது மக்கா?”

“காடு, சித்தப்பா.”

“நமக்கு மரச்சீனியாவது இருக்கே.”

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது, வீட்டு முன்தோட்டமான எங்கள் விளையின் நடுவே, ரோட்டிலிருந்து வீடுவரை, வண்டி போகிற அகலத்துக்கு மரச்சீனி பிடுங்கிக் கிடந்தது. மூன்று மாத மரவள்ளிப் பயிர்; கிழங்கு விரல் தண்டிகூட இல்லை. முகப்பில் அவர் பேரோடு ‘நகர்’ என்று ஒரு பலகை.

“மழைக்காலத்துல பிள்ளையளுக்கு எதை அவிச்சுக் குடுப்பீரு?” என்றாள் அம்மா.

“மேயரு வீட்டுல பட்டினி கெடக்குமா மைனி?”

“மேயரோ மேய்ச்சலோ, வெளைய அழிச்சது நீருதானே. இனி எனக்க கண்ணுல முழிக்காதீரும்.”

அடுத்த நாள் வகுப்பில் டீச்சர் என்னைத் திருத்தினார். ஓடிவந்து சித்தப்பாவிடம் சொன்னேன்: “அவரு கண்டெடுக்கல்ல, உண்டாக்குனாரு.”

சித்தப்பா பலகைமேல் இருந்த மண்ணைத் துடைத்தார். “உண்டாக்கணுமா? அது பெரிய பாடுல்லா.” அன்று சாயங்காலமே மார்த்தாண்டத்தில் ஏதோ கடை வேலைக்கென்று பையோடு போய்விட்டார்.

அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தபடியே புதுக்கம்பு நட்டாள். வழியின் இரண்டு ஓரமும் ஒவ்வொரு வரிசை. நடுவில் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒன்றும் நடவில்லை. அந்த மழைக்கு எங்கள் தட்டில் கிழங்கு குறைந்தது.

“அங்கயும் நட்டா என்னம்மா?”

“வாற ஆளுக்கு வழி வேண்டாமா?” என்று எரிந்து விழுந்தாள்.

அந்த வழி தபால்காரருக்கு என்றுதான், என் மகன் கிளம்பிப் போகும்வரை நான் நினைத்திருந்தேன்.