விறகு லைன் வெங்கு

வெங்கு போய்விட்டான். காலையில் காரியாபட்டியிலிருந்து அவன் மகள் போன் பண்ணினாள்.

எண்பதை நெருங்கிய வயசு, கல்யாணச் சாவுதானே என்கிறார்கள். அவன் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் அருப்புக்கோட்டையில் ஒரே பஞ்சு மில்லில் வேலை பார்த்தோம். அவன் ஃபிட்டர், நான் குடோனில். எங்களோடு மூன்றாவதாக ஒருத்தர் உண்டு. மேனேஜருக்கு அக்கா மகன், ஆபீஸ் கிளார்க். இப்போது பெரிய மனிதர், அதனால் ‘அவர்’. பேர் வேண்டாம்.

மில்லுக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் பாய்லருக்கு விறகுதான். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் கருவேலம் வெட்டி, சின்னத் தண்டவாளம் போட்டு, மாடு கட்டின ட்ராலியில் இழுத்து வந்திருக்கிறார்கள். விறகு லைன் என்று பேர். எங்கள் காலத்தில் அது முள்ளுக்குள் புதைந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் அதைத் தேடிக் கிளம்பிவிடுவோம். தூக்குவாளியில் தண்ணீர், பையில் பொரிகடலை. ஊரே சினிமாவுக்குப் போகும்போது நாங்கள் கரிசல்காட்டில் நடப்போம். வெங்குவைப் பிடித்த கிறுக்கு அது... எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் நிறுத்திக் கேட்டார்.

“என்னத்தய்யா தேடுறீக? ஆடு எதும் காணாமப் போச்சா?”

“தண்டவாளம்ணே” என்றான் வெங்கு.

“அதைப் போயி எதுக்குத் தேடிக்கிட்டு? அது என்ன நடந்தா போயிரப் போகுது?”

அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான்.

கண்மாய்க்குள் பாதி புதைந்த ட்ராலிச் சக்கரம் ஒன்றைப் பார்த்துவிட்டு மண்ணைக் கையாலேயே தோண்டினான். கையெல்லாம் முள். “ஏலே, இன்னும் சுத்துதுடா!” என்று கத்தியது இப்போதும் காதில் கேட்கிறது.

லைன் ஓரத்து ஊர் ஒன்றில் ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம். மணி இல்லை, தகரத்தைத் தட்டுவார். அப்போதெல்லாம் பாதிப் பள்ளிக்கூடங்களில் தண்டவாளத் துண்டுதான் மணி. “இவ்வளவு தண்டவாளம் பாக்குறீகளே, எங்களுக்கு ஒரு துண்டு கிடைக்காதா?” என்று கேட்டார்.

“மில்லுச் சாமான் சார். கேக்காம எடுக்க முடியாது” என்றான் வெங்கு.

மேனேஜரிடம் கேட்கிறேன் என்று பொறுப்பை ஏற்றது ‘அவர்’தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, “மாமாட்ட கேட்டுட்டேன். எடுத்துக்கிறச் சொல்லிட்டாரு” என்றார். என் காதால் கேட்டேன்.

பிளேடு ஒடிய ஒடிய வெங்கு ஒரு முழத் துண்டு அறுத்தான். தோளில் சுமந்துபோய் வேப்பமரத்தில் கட்டி, முதல் அடியும் அவனே அடித்தான். கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டதாம்.

அந்த வருஷமே தண்டவாளம் நடந்து போய்விட்டது. ஒரு ராத்திரியில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. லைனில் ஒரு கம்பி மிச்சமில்லை.

மில்லில் விசாரணை. ஊரெல்லாம் தேடி அவர்களுக்குக் கிடைத்தது ஒரே துண்டு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் தொங்கியது. திருடினவன் அதை மணியாகக் கட்டி ஊரைக் கூட்டுவானா... ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை.

கேட்டுத்தான் எடுத்தான் என்று நான் போய்ச் சொன்னேன். “நீயும் கூடச் சுத்துனவன்தான?” என்று மேனேஜர் வெளியே அனுப்பிவிட்டார்.

‘அவரை’க் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் மாமாட்ட எதையும் கேக்கல. அவன் எடுத்ததே எனக்குத் தெரியாது” என்றார். வெங்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றோடு வேலை போச்சு. மணியையும் கழற்றிக்கொண்டு போனார்கள், வாத்தியார் மறுபடி தகரத்துக்கே போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

காரியாபட்டியில் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்தான். ரொம்ப வருஷம் கழித்து மகளுக்கு அமைந்த ஒரு நல்ல சம்பந்தம், ‘தண்டவாளம் திருடுன ஆளாமே’ என்று நின்றுபோனது. அன்றைக்குத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு ‘அவர்’ வீட்டுக்குப் போனான்.

மாடியில் உட்கார வைத்தார். காபி வந்தது.

“கேட்டுத்தான் எடுத்தேன்னு மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லுப்பா... அது போதும்.”

“பழசை எல்லாம் எதுக்கு வெங்கு கிளறிக்கிட்டு?”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அண்ணாந்தேன். கூரைக்கு உத்தரமாகக் கிடந்ததெல்லாம் சின்னத் தண்டவாளம், பச்சை பெயிண்ட் அடித்து. ஓரத்தில் ஒன்று மட்டும் ஒரு முழம் குறைச்சல். இரும்புத் துண்டு வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

வெங்குவும் பார்த்தான். தான் அறுத்த வெட்டு அவனுக்குத் தெரியாதா? காபியை வைத்துவிட்டு எழுந்தான்.

தெருவுக்கு வந்ததும், “போலீசுக்குப் போவோம்டா” என்றேன்.

“பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன், விடுடா” என்றான். கொஞ்ச தூரம் போய், “ஆனா நல்லாத்தான் தாங்குது” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

இன்று ‘அவர்’ பதிவு போட்டிருக்கிறார். ‘என் ஆருயிர் நண்பன், நேர்மையின் சிகரம்.’ கீழே வரிசையாகக் கும்பிடு.

ஆள் வழியாக ரோஜா மாலையும் அனுப்பினார். வெங்கு சம்சாரம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. “கொண்டுபோயிருங்க. இருக்கையில ஒரு வார்த்தை சொல்லாதவுக மாலை அவுகளுக்கு எதுக்கு?”

அய்யா, பதிவு நன்றாக இருக்கிறது. அந்த மாடியில் படுத்துக்கொண்டுதான் டைப் பண்ணியிருப்பீர்கள். போனைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே பாருங்கள்.

வெங்கு... போயிட்டு வாடா.

நீ கேட்டுத்தான்டா எடுத்த.