கிளையைத் தொடாத குருவி

ஏலக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கவுத்தம்மா. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பாள். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு வருவதற்குள் தட்டைத் திருப்பி அடியைப் பார்த்து, பரிமாற வந்தவரைத் திகைக்க வைத்தவள். ஒருமுறை தேநீர் இருப்பதை மறந்து கோப்பையையே திருப்பிவிட்டாள். மடியெல்லாம் தேநீர். "பழசா புதுசா?" என்று மேலாளர் கேட்டார். "சூடா இருக்கு" என்றாள்.

பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்து, வைக்கோலுக்கும் காகிதத்துக்கும் நடுவில் பத்து வருஷம் ஆயிரக்கணக்கான பீங்கானைக் கையால் தொட்டுத் தொட்டே மதிப்பீட்டு மேசைக்கு ஏறி வந்தவள் அவள். பழைய சீனப் பீங்கானின் மேலழகு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும், அடி ஏமாற்றாது என்பது அவள் கட்சி. அடியில் மெருகு பூசாமல் விட்ட வளையம் ஒன்று இருக்கும். கட்டைவிரலால் அதை ஒரு சுற்றுத் தடவுவாள். இருநூறு வருஷம் மேசைகளில் இழுபட்ட வளையம் வழுவழுவென்று இருக்கும், பழுப்பேறியிருக்கும், கீறல்கள் கண்டபடி ஓடும். போலிக்காரன் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு உப்புத்தாளால் தேய்ப்பான். அவனுக்கு அவசரம். அதனால் கீறலெல்லாம் ஒரே பக்கமாகப் போகும். அடியில் எழுதியிருக்கும் அரச முத்திரையை அவள் கடைசியில்தான் பார்ப்பாள். தூரிகை பிடிக்கத் தெரிந்த எவனும் முத்திரை எழுதலாமே!

விற்க வருகிறவர்கள் எல்லோரும் பொருளோடு ஒரு கதையும் கொண்டு வருவார்கள். கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு தளபதி கொடுத்தது, அரண்மனை தீப்பிடித்தபோது மிஞ்சியது, இப்படி. அவள் கையை உயர்த்தி நிறுத்துவாள். "கதை அப்புறம். யார் கழுவினது, எதை வச்சுக் கழுவினது, அதைச் சொல்லுங்க." பிறகுதான் ஏலப் பட்டியலில் எழுதுவாள். 'அந்தக் காலத்தது' என்று எழுதினால் கூடம் நிறையும். 'அந்தக் காலப் பாணியில்' என்று எழுதினால் பூச்செடி வைக்க ஆள் தேடி வருவார்கள். ஒரே ஒரு வார்த்தைதான், ஆனால் அதைக் கேட்டு அழுதுகொண்டே படியிறங்கியவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

போன திங்கட்கிழமை காலை ஒரு நீலக் கிண்ணம் வந்தது. வாங்கிய ரசீது முதற்கொண்டு நாலு தலைமுறைக் காகிதங்கள் கூடவே வந்தன. கவிழ்த்தாள், தடவினாள். சந்தேகமே இல்லை, பழசு. ஜோடியாகச் செய்யப்பட்டதில் ஒன்று, மற்றது காணாமல் போய்விட்டது என்று காகிதம் சொன்னது. நிமிர்த்தி ஓவியத்தைப் பார்த்தாள். ஒரு கிளை, அதில் இரண்டு குருவிகள். கீழே இருந்த குருவியின் கால் கிளையைத் தொடவில்லை. ஒரு நெல் அகலத்துக்கு மேலே, காற்றில் நின்றது.

இந்தக் குருவியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டியவர். வாயைத் திறந்தால் அளப்பார். முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பு சுறா கடித்தது என்பார். முள்கம்பி கிழித்தது என்று அக்கா திருத்துவாள். சின்ன வயதில் சர்க்கஸில் மூன்று மாதம் யானைக்குத் தண்ணீர் காட்டினேன் என்பார். வீடே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். அவரிடம் ஒரு கிண்ணம் இருந்தது. கப்பலில் சமையல்காரராக இருந்த தன் அப்பா கொண்டுவந்த பழைய சீனக் கிண்ணம் என்பார். அதையும் யாரும் நம்பவில்லை. அதில் மட்டும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அக்காவையும் கூட்டிக்கொண்டு, கிண்ணத்தைத் துண்டில் சுற்றி ஏலக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"விக்கறதுக்கு இல்லம்மா. இது பழசுன்னு உன் வாயால உங்க அக்கா கேக்கணும். அவ்வளவுதான்."

அவள் கவிழ்த்தாள். வளையம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கீறலெல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றின.

"பாணியில, அத்தான். புதுசை யாரோ நல்லாத் தேய்ச்சிருக்காங்க."

"இல்லம்மா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பா..."

"போதுங்க. ஆபீசுலயும் ஆரம்பிச்சிடாதீங்க" என்றாள் அக்கா. மேலாளர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அத்தான் மட்டும் சிரிக்காமல் இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்துத் துண்டில் சுற்றினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் 'கிண்ணக் கதை' என்று ஒரு பேச்சு வழக்கே உருவாகிவிட்டது. யார் எதை மிகைப்படுத்திச் சொன்னாலும், "என்ன, கிண்ணக் கதையா?" என்பார்கள். அத்தான் கதை சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்பார், மழை வரும்போல இருக்கிறது என்பார், அதோடு சரி. வயசானால் இப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் அப்படியே இருந்து, ஒரு சொல்லும் அதிகம் பேசாமல் போய்ச் சேர்ந்தார்.

நீலக் கிண்ணம் வந்த அன்றைக்கே மதியத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் அக்கா வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? அக்கா நிம்மதியாக இருக்கிறாள். போனவர் வந்து கேட்கப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்பது வருஷத்தையும் அக்கா தலையில் தூக்கி வைத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் என்றைக்கும் பொய்யர்தான். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தாள்.

கிண்ணம் பின்பக்க ஜன்னலோரம், துணி உலர்த்தும் கிளிப்புகளைச் சுமந்துகொண்டு இருந்தது. கிளிப்புகளுக்கு இடையே குருவி தெரிந்தது. அதே கை வரைந்த அதே குருவி, காற்றில் நின்றது. அவள் கிளிப்புகளைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தாள். வளையத்தின் உள் மூலையில் ஒரு நூல் அளவுக்குப் பழுப்பு நிறம் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவள் அவ்வளவு தூரம் பார்க்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு ஆபீசுக்குக் கொண்டாந்தீங்களே, அதுக்கு முன்னாடி இதைக் கழுவினியா?"

"பின்னே? அடியெல்லாம் ஒரே அழுக்கு. ப்ளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டு, கம்பி நார் வச்சு கை ஓயற வரைக்கும் தேய்ச்சேன். அவருக்குக்கூடத் தெரியாது. உன் ஆபீசுல உன் மானம் போகக் கூடாதில்ல!"

ஏலக்கூடத்துக்கு வந்த அந்நியர் ஒவ்வொருவரையும் அவள் கேட்ட கேள்வி அது. கூடப் பிறந்தவளிடம் கேட்கவில்லை. கதையைக் காதில் வாங்காதவள் என்று ஊரெல்லாம் பெருமை. அத்தான் கதையை மட்டும் காது நிறைய வாங்கி, பொய் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட்டிருக்கிறாள். கை பார்த்தது கிண்ணத்தை இல்லை, அவரை. அதை நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அக்கா, இது பழசு. இதோட ஜோடி இன்னைக்கு எங்ககிட்ட வந்திருக்கு. அத்தான் சொன்னது நெசம். தப்பு என்னோடது."

"என்னடி, நீயும் கிண்ணக் கதை..." என்று சிரித்தபடி ஆரம்பித்த அக்கா பாதியில் நின்றாள்.

அக்கா தரையில் சிதறியிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு கிண்ணத்தை வாங்கி முந்தானையால் குருவியைத் துடைத்தாள்.

"வரைஞ்சவனை அவன் பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டுட்டாளாம். அதான் காலை முடிக்காம எழுந்து போயிட்டானாம். அப்படிம்பாரு."

"ஆமாக்கா."

"அப்போ அந்த யானை?"

"தெரியலக்கா."

"யாரைக் கேக்கறது இனிமே? முப்பத்தஞ்சு வருஷம் அந்தக் காலுக்குத் தைலம் தேய்ச்சு விட்டிருக்கேன். ஒரு நாள்கூட அந்தத் தழும்பை நின்னு பாக்கலியேடி."

அவளால் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா தன் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து, ஞாபகத்திலிருந்து மெதுவாக வரைந்தாள். விரல் நேராகப் போகவில்லை. அரைவட்டமாக வளைந்து போனது.

"இப்படித்தான் இருக்கும். முள்கம்பின்னா கோடாத்தானே இருக்கணும்? நீதான் பாத்துச் சொல்றவளாச்சே, சொல்லுடி."