மெதுவாக வாசித்த பாட்டு

எழுபதுகளில் மூணாறு பக்கத்தில் நான் இருந்த தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடை போட்டவர் அவர். ஒல்லி உடம்பு. தராசு மேசையில்கூட விரல்கள் எதையோ வாசித்துக்கொண்டே இருக்கும். ஞாயிறுகளில் சர்ச் ஆர்கனை, காலால் துருத்தியை மிதித்தபடி வாசிப்பார். பியானோ துள்ளும் ஒரு சினிமாப் பாட்டின் மேல் அவருக்குப் பித்து. ஒருமுறை காணிக்கை நேரத்தில் அதை மெதுவாக இழுத்து வாசித்துவிட்டார். ஞானப்பாட்டென்று நம்பிய போதகர், செத்தவர்களை அடக்கம் செய்யும் ஆராதனைகளுக்கும் அதையே வாசிக்கச் சொல்லிவிட்டார்.

“சினிமாப் பாட்டுன்னு சொல்லிர வேண்டியதுதானேண்ணே?” என்று கேட்டேன்.

“சொன்னா ஆர்கனைத் தொட விடமாட்டாரு தம்பி.”

ஒருநாள் ஆளில்லாத சர்ச்சில், அந்தப் பாட்டை ரேடியோவில் வருவதுபோல வாசிக்கச் சொன்னேன். மூன்று முறை தொடங்கினார். மூன்று முறையும் சாவுப்பாட்டாகவே வந்தது.

“வர மாட்டேங்குது தம்பி” என்று மூடியைச் சாத்தினார். சாத்திய மூடியின் மேல் அவர் விரல்கள் ரேடியோவின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.