ஆளுக்கு ஆள்

சுக்குக் கூடையை விட்டு எழுந்தால், பக்கத்தில் இருக்கும் யாரையாவது தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் மாயம்மாள் போவாள். தண்ணீர் குடிக்கப் போனாலும் அப்படித்தான். கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்கில் பல வருஷமாக அவளோடு சுக்குப் பொறுக்குகிறேன். பெரும்பாலும் அந்த இடத்தில் உட்காருவது நான்தான்.

“எந்தா மாயம்மா, சீட்டு ரிசர்வேஷனா?” என்று மேற்பார்க்கும் ஸ்ரீநாத் சேட்டன் கிண்டல் செய்வார்.

அது தமிழ்நாட்டில் அவள் வளர்ந்த செங்கல் சூளையின் வழக்கம். செத்துப்போன அப்பா வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பமே அங்கே கிடந்தது. ஒருவர் வெளியே போனால், வீட்டு ஆள் ஒருவர் பிணையாக உள்ளே இருக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோது மாயம்மாளை மட்டும் விட்டார்கள். தம்பி பிச்சையை நிறுத்திக்கொண்டார்கள். பெற்றவளின் முகத்தைப் பார்க்கவும் ஆளுக்கு ஆள்!

“திரும்பி வராத, போயிரு” என்று பிச்சைதான் சொல்லி அனுப்பினான். அவள் கொச்சிக்கு வந்துவிட்டாள்.

முன்பணத்தைக் கட்டித் தம்பியை மீட்பதாகத்தான் முதலில் இருந்தாள். அப்படிப் பிடித்து வைப்பதே குற்றம், அந்தக் கடனே செல்லாது என்று இங்கே சட்ட உதவி மையத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு கட்ட மறுத்துவிட்டாள்.

“என் தம்பிய நான் எதுக்கு விலைக்கு வாங்கணும்?”

மனு கொடுத்தாள். சூளைக்கு ஜீப்பில் போன அதிகாரிகள், முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே பிச்சையிடம், “இஷ்டப்பட்டுத்தான இருக்க?” என்று கேட்டிருக்கிறார்கள். அவன் தலையாட்டினான். வேறு என்ன செய்வான்? மனுவை மூடிவிட்டார்கள். இதைக் கேட்க ஒரு ஜீப்!

மறுபடியும் மனு போட்டாள். இந்தமுறை கோட்டாட்சியரே வந்தார். மாயம்மாளும் போனாள், துணைக்கு நான். அவளைக் கண்டதும் முதலாளி சிரித்தார்.

“அடேங்கப்பா, அக்காக்காரி வந்தாச்சா? அப்ப இவ இருக்கட்டும். பயலக் கூட்டிட்டுப் போங்க சார்.”

கோட்டாட்சியர் முன்னால் கூசாமல் சொன்னார். காலமெல்லாம் சொல்லிப் பழகிய வாய்க்கு, அதில் தப்பு இருப்பதே தெரியவில்லை. கூட வந்த அலுவலர் ஒருவர் இன்னும் மேல். “நியாயமாத்தானம்மா சொல்றாரு” என்றார்.

மாயம்மாள் கோட்டாட்சியரிடம் திரும்பினாள். “இப்ப சொன்னாருல்ல சார், அத அப்படியே எழுதுங்க. இஷ்டப்பட்டு இருக்கிறவனுக்கு எதுக்கு மாத்தாள்?”

கோட்டாட்சியர் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். பிச்சையைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார். அங்கே அவன் எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கே விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

பிச்சை இப்போது எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறான். முதலாளி மேல் இன்னும் வழக்குப் பதியவில்லை. சூளை நடக்கிறது.