தொட்டிக்குக் கீழே முதல் வீடு

எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது காற்று. கொஞ்ச நேரம் இருமும், செருமும், பிறகு போனால் போகிறது என்று நூல் மாதிரித் தண்ணீர் விடும். வாளியை வைத்துவிட்டுப் போய் ஒரு ஈடு இட்லி எடுத்து, சட்னியும் அரைத்துவிட்டு வந்தால் பாதி வாளி இருக்கும். கள்ளக்குறிச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடி இது. தண்ணீர்த் தொட்டி எங்கள் தலைக்கு நேர் மேலே. நிரம்பி வழிந்தால் எங்கள் ஜன்னலில்தான் வழியும். குழாயில் மட்டும் வராது.

வெள்ளிமலையில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போல மலையை விட்டு இறங்கிவிட்டவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். கனடாவுக்குப் போனவர்கள் மட்டும்தான் அந்நிய தேசத்தைப் பற்றி எழுத வேண்டுமா? ஒரே பேருந்தில் வந்து இறங்கிவிடலாம் என்பதால் கள்ளக்குறிச்சி வெளிநாடு இல்லையென்று ஆகிவிடாது. இங்கே மெயின்டனன்ஸ் உண்டு, அசோசியேஷன் உண்டு, லிஃப்டில் ஏறினால் யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்றொரு சட்டமும் உண்டு. அந்த லிஃப்டும் பாதி நாள் ஓடாது.

நாலாவது மாடியைக் கேட்டு வாங்கியது நானேதான். சங்கராபுரத்தில் வாத்தியாராக இருக்கும் என் வீட்டுக்காரர் முதல் மாடியைத்தான் பார்த்து வைத்திருந்தார். நான் மலைப் புத்தியில் யோசித்தேன். நம் ஊரில் ஊற்றிலிருந்து ஓஸ் பைப்பில் தண்ணீர் இறங்குகிறது. ஊற்றுக்குப் பக்கத்து வீடு முதலில் பிடிக்கும். குடங்கள் நிறைந்ததும் அந்த வீட்டுப் பெண் வாசலில் நின்று, “வுட்டாச்சு!” என்று கீழ் வீட்டுக்குக் குரல் கொடுப்பாள். இங்கே ஊற்றுக்குப் பதில் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்து வீடு நாலாவது மாடி. சாமர்த்தியமாகப் பேசி முடித்து, அட்வான்சும் கொடுத்துவிட்டேன். கீழே நாலு பேர் குழாயைத் திறந்தால் மேலே இருப்பவளுக்குக் காற்றுதான் மிச்சம் என்பதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்திருப்பேன். அப்பா வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. சாமைக் கொல்லையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தால் நடப்பார், விட்டுவிட்டால் படுக்கைதான் என்றார் டாக்டர். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். வார்டில் யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், எவ்வளவு வெளியேறியது என்று நாள் முழுக்க அளந்து எழுதுகிறவள். என் அப்பா தண்ணீர் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார் என்பது எனக்கு நாலு நாள் தெரியவில்லை. நாக்கு வறண்டு வெடித்திருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“குடிச்சா போவணும். போனா ஊத்தணும். ஊத்தறதுக்கு எங்க இருக்குது தண்ணி?” என்றார். “வேலைக்குப் போற பொண்ணு, என் நாத்தத்தக் கழுவிக்கினு நிப்பியா? என்னை மலைக்கு அனுப்பிடு.”

அன்று எனக்கு வந்த ஆத்திரம் அப்பாமேல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்றேன். தொட்டியிலிருந்து எங்கள் மாடிக்கு மட்டும் தனியாக ஒரு பைப் வேண்டும், செலவு என்னுடையது என்றேன். தலைவர் தரைத்தள வீட்டுக்காரர், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“எல்லாருக்கும் ஒரே சைஸ் பைப்புதான் போட்டுக்குது சிஸ்டர். ஒங்களுக்கு மட்டும் இன்னா தனியா? வேலையிலதான் கோட்டா, தண்ணியிலயுமா?” என்றார்.

மலைவாழ் மக்களுக்கான ஒதுக்கீட்டில் நான் வேலைக்கு வந்தது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

தலைவருடைய சாதிக்காரர்களின் தனி இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம் அது. மறுநாள் காலை நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது கட்டட வாசலில் தலைவர் வெள்ளைச் சட்டையில் நின்றார். கூடவே பத்துப் பதினைந்து பேர், கையில் மனு. கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போகிறார்களாம்.

“பொதுவுல வச்சா எங்க ஆளுங்களுக்கு வந்து சேரல சிஸ்டர். எங்களுக்குன்னு தனியாப் பிரிச்சிக் குடுங்கன்னு கேக்குறோம்” என்று அவராகவே விளக்கினார்.

“நியாயம் சார். நேத்து நானும் அதத்தான் கேட்டேன்” என்றேன்.

“அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். அவர் கேட்டது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருடைய நியாயம் வேனோடு போய்விட்டது, படியேறி மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் எங்கள் வீட்டுக்குப் பிரிந்த பிறகு கீழே போகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதை மூடினேன். வீட்டுக்கு இறங்கி வந்து அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தொடைக் கட்டு நனையாமல் பாலித்தீன் சுற்றி, தலையோடு ஊற்றினேன். வாளி வாளியாக ஊற்றினேன். அரை மணியில் வால்வைத் திறந்துவிட்டு, நம் ஊர் முறைப்படி மாடிப்படியில் நின்று, “வுட்டாச்சு!” என்று குரல் கொடுத்தேன். மொத்தக் கட்டடமும் கதவைத் திறந்து பார்த்தது.

தலைவர் காதோரம் சோப்பு நுரையோடு மூச்சு வாங்கி ஏறி வந்தார். லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. “இன்னா சிஸ்டர் இது அக்கிரமம்? இது இன்னா ஒங்க மலையா?” என்று ஆரம்பித்தவர், திறந்த கதவு வழியே ஈர வேட்டியோடு நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“வாங்க சார். நான் முடிச்சிட்டேன், இனிமே ஒங்க மொற. போயி குளிங்க” என்றார் அப்பா, சாதாரணமாக. தலைவர் அப்பாவின் பாலித்தீன் சுற்றிய தொடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பைப் கடைசி வரை கிடைக்கவில்லை. மறு கூட்டத்தில் தினம் காலை ஆறிலிருந்து ஆறரை வரை நாலாவது மாடிக்கு முறை என்று முடிவானது. வால்வை யார் ஏறிப்போய் மூடித் திறப்பது என்றபோது எல்லோருக்கும் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. மொட்டை மாடிச் சாவியை என்னிடமே கொடுத்தார்கள். கோட்டா கேட்டவளுக்குச் சம்பளமில்லாத அரசாங்க வேலையும் கிடைத்தது.

அப்பா தண்ணீர் குடித்தார். இரண்டு மாதத்தில் ஊன்றுகோலோடு நடந்தார். நடந்த அன்றே ஊருக்குக் கிளம்புகிறேன் என்றார். இப்போதுதான் தண்ணீர் வருகிறதே, இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

“தண்ணிக்கா வந்தேன்? காலுக்கு வந்தேன். கால் வந்துடுச்சி” என்றார்.

அதிகாலை வெள்ளிமலைப் பேருந்தில் அவரை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மணி ஆறாகியிருந்தது. பழக்கத்தில் மொட்டை மாடிக்குப் போய் வால்வில் கை வைத்தேன். கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் நம் மலை நீலமாகத் தெரிந்தது. பேருந்து தெரிகிற தூரமில்லை, இருந்தும் பார்த்தேன். குளிப்பாட்ட வீட்டில் யாரும் இல்லை. எனக்கென்று சண்டை போட்டு வாங்கிய அரை மணி நேரம், அன்று வால்வை மூடாமலே விட்டேன். மலையைப் பார்த்துக்கொண்டு, கீழே தலைவர் வீட்டு வாளி நிறையும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.